ஜெர்மனியில் இந்த விரலுக்கு

அக்கா என்னை முதன்முதலில் அடித்தது ஒரு பனியனால். பனியனால் அடித்தால் என்ன வலிக்கும் என்று கேட்பவர்கள், நனைந்த இன்டர்லாக் துணியை முறுக்கி முகத்தில் வாங்கியவர்கள் அல்லர். என் இடது கண் இரண்டு நாள் சிவந்திருந்தது. பூச்சி விழுந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். காயத்துக்குக் கதை கட்டுவது அப்போது என் உத்தியோகம். அடி விழுந்ததே அதற்காகத்தான்.

அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் நான் மனிதவள அதிகாரி. கம்பெனியே அக்கா என்று கூப்பிடும் அவர், செக்கிங் பகுதிக்கு சூப்பர்வைசர். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்க்கும் முப்பது பெண்களுக்குத் தலைவி. உடன்குடிப் பக்கத்திலிருந்து கணவரோடு பிழைக்க வந்து இருபது வருஷம் ஆகியும் எங்கள் கொங்குப் பேச்சின் 'ங்க' ஒன்றுகூட அவர் நாக்கில் ஒட்டவில்லை. எம்.டி.யையே, "என்ன முதலாளி, கண்ணு தெரியலையா?" என்றுதான் கேட்பார்.

அடிப்பதில் அவருக்கு ஒரு முறைமை உண்டு. முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பார். வாங்கியவர் நடுவராகிவிட்டார் என்று பொருள். இடையில் புகுந்து தடுக்க முடியாது. இரண்டு கைகளாலும் அதைப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்க்க வேண்டியதுதான். அந்தப் பதவியில் நான் பலமுறை இருந்திருக்கிறேன். உயரமும் ஒல்லியும் கண்ணாடியும் உள்ள ஆண்பிள்ளைகளுக்கு இயல்பாகவே வந்துசேரும் பதவி அது.

கணவர் ஒரே ஒருமுறை அவரை அடித்திருக்கிறார். அதை அக்கா சாவகாசமாகச் சொல்வார்: "அவன் ஒரு தடவ அடிச்சான். நா ஒரு தடவ அடிச்சேன். அதுக்குப் பொறவு அவனுக்கு இந்தக் காதுல கேக்காது."

இப்படிப்பட்டவருக்கு ஜெர்மனியும் ஸ்வீடனும் எங்கிருந்து பிடித்தன என்றால், தவறு பாதி என்னுடையது.

எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் நடக்கும் நாளில் எங்கள் கம்பெனி சொர்க்கமாக இருக்கும். கழிப்பறைக்கு சோப்பு வரும். துணி வெட்டுபவர்களின் கைக்கு ஸ்டீல் கிளவுஸ் வரும், எம்.டி. அறை பீரோவில் பூட்டியிருப்பதைக் காலையில் எடுத்துக் கொடுத்து, மாலையில் வாங்கிப் பூட்டிவிடுவோம். "குறை ஒண்ணும் இல்லீங்க மேடம்" என்ற வாசகம் எல்லோருக்கும் மனப்பாடம். மொழிபெயர்ப்பாளன் நான். மொழிபெயர்க்க அந்த ஒரு வாசகம்தான் இருக்கும் என்பதால் சுலபமான வேலை.

ஜெர்மனியிலிருந்து வந்த ஓர் அம்மையார் செக்கிங் மேசையருகே நின்று, "என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார். யாரும் எதுவும் கேட்பதில்லை. அக்கா கேட்டார்.

"உங்க ஊர்ல மெஷின்ல விரல் போச்சின்னா என்ன தருவாவ?"

எம்.டி. என்னைப் பார்த்தார். நான் அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன். தைரியத்தால் அல்ல, மாற்றிச் சொல்ல அந்த நேரத்தில் ஒன்றும் தோன்றவில்லை. அம்மையார் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். முதல் ஆறு வாரம் முதலாளி முழுச் சம்பளம் தர வேண்டும், பிறகு காப்பீடு என்றார். தொழிற்சாலை விபத்துக்கென்றே தனிக் காப்பீடு, அதற்குப் பணம் கட்டுவது முதலாளிகள் மட்டுமே. வைத்தியம், வேறு வேலைக்குப் பயிற்சி, கை தேறாவிட்டால் பென்ஷன்.

"தப்பு யாருதுன்னு கேப்பாவளா?"

கேட்கமாட்டார்களாம்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொந்தமா எதும் சேத்துச் சொல்லலல்லா?"

"இல்லீங்கக்கா. ஒண்ணு ரெண்டு விட்டுட்டனுங்க, அவ்வளவுதான்."

அன்று மாலை டீ குடிக்கும்போது, இதையெல்லாம் நான் ஒரு காலத்தில் படித்தவன் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். கோவையில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, வளர்ந்த தொழில்நாடுகள் தம் மக்களுக்குத் தரும் நலச் சலுகைகளை ஐந்து வருஷம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதினெட்டு நாடுகள், ஒரு பிரம்மாண்டமான அட்டவணை. அட்டவணை முடிந்தது, ஆய்வு முடியவில்லை, கல்யாணம் முடிந்தது, வெள்ளகோவில் மாமனார் சொல்லி இந்த வேலை கிடைத்தது. நோயாளிக்கும் முதியவருக்கும் வேலையிழந்தவருக்கும் உலகம் என்னென்ன செய்கிறது என்று தெரிந்த ஒரே மனிதவள அதிகாரி அந்த வட்டாரத்தில் நானாகத்தான் இருப்பேன். அதனால் யாருக்கும் ஒரு தொந்தரவும் வந்ததில்லை, அக்கா கேட்கத் தொடங்கும்வரை.

அட்டைப்பெட்டியில் எந்த நாட்டுப் பெயர் அடித்து வருகிறதோ அன்று அந்த நாட்டுப் பாடம்.

"ஸ்வீடன்ல பிள்ள பெத்தா ஒரு வருசத்துக்கு மேல லீவா? ஆம்பளைக்குமா? அவன் வீட்டுல கெடந்து என்ன செய்வான்?"

"கொழந்தையப் பாத்துக்குவானுங்க."

"எம் புருசனும் ஒரு வருசம் வீட்டுலதான் கெடந்தான். டிவிய பாத்தான்."

அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான சட்டத்தில் சம்பளத்தோடு பிரசவ விடுப்பு கிடையாது என்றபோது அவர் நம்பவில்லை. பெட்டியில் இருந்த பெயரை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"நம்ம சட்டத்துல இருக்கா?"

"இருக்குங்க."

"அப்பம் அமெரிக்காவ நாம அடிச்சாச்சி?"

"சட்டப் புஸ்தகத்துல அடிச்சுட்டமுங்க."

அக்கா மேசையைப் பார்த்தார். ஏழாம் மாதம் என்று தெரிந்ததும் கான்ட்ராக்டர் நிறுத்திவிட்ட பெண்ணின் ஸ்டூல் காலியாக இருந்தது. அவர் கடிகாரத்தைக் கழற்றத் தொடங்கினார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினேன்.

கம்பெனிக்கு ஆள் சேர்த்துவிடும் அந்தக் கான்ட்ராக்டரைக் காலரைப் பிடித்து மூலைக்கு இழுத்துப் போய், மரப்பெட்டி உடைக்க வைத்திருந்த கட்டையால் முதுகில் நாலு போட்டார். ஐந்தாவது தலையில் பட்டுவிட்டது. ரத்தம் காதோரம் இறங்கிச் சட்டைப்பைக்குள் போனது. தரையில் உட்கார்ந்துவிட்டவரிடம் அக்கா குனிந்து சொன்னார்:

"இதே காயம் ஹாலந்துலன்னா ரெண்டு வருசம் படுத்துக்கிட்டே முழுச் சம்பளம் வாங்கலாம். ஒனக்கு நாளைக்குக் காலைல எட்டரைக்கு ஷிப்டு. எந்திரில."

"முழுசு இல்லீங்கக்கா," என்றேன், கடிகாரத்தைப் பிடித்தபடி. "சட்டப்படி குறைஞ்சது எழுபது சதவீதமுங்க."

அந்தப் பெண் மூன்றாம் நாள் வேலைக்குத் திரும்பினாள். கான்ட்ராக்டர், ஹாலந்து இல்லாததால், மறுநாளே திரும்பிவிட்டார்.

ஒருநாள் என் அட்டவணையின் ஜெராக்ஸைக் கொண்டுபோய்க் காட்டினேன். வாய்மொழித் தேர்வுவரை போகாத ஆய்வுக்கு அதுதான் வாய்மொழித் தேர்வு. அவர் விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டு, இது என்ன, அது என்ன என்று கேட்டார். கடைசியில் சொன்னார்:

"எல்லாம் சரி. ஒரு கட்டம் விட்டுப்போச்சி. இத வாங்கணும்னா யார்ட்டப் போயி நிக்கணும்? அத எழுதலையே நீ."

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஐந்து வருஷத்தில் கேட்காத கேள்வி. யோசித்துச் சொன்னேன். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிக்குப் போக யாரையும் கேட்க வேண்டாம், போய்ப் படுத்துவிடலாம். ஸ்வீடனில் அரசாங்க அலுவலகம். அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடே கம்பெனி வழியாகத்தான். வேலை போனால் அதுவும் போகலாம்.

"அப்பம் அமெரிக்காவும் நம்மளும் ஒண்ணுதான்," என்றார் அக்கா. "அவன்ட்ட அடியும் வாங்கிக்கிட்டு, அவன்ட்டயே மருந்தும் கேக்கணும்."

இவ்வளவு படித்ததும், ஏழைகளைக் காக்க வந்த தேவதை என்று யாராவது முடிவு கட்டிவிடக் கூடாது. பட்டன் மெஷினில் கட்டைவிரலை நசுக்கிக்கொண்ட மதுரைப் பெண் ஒருத்தி அதைத் துணியால் சுற்றி மறைத்து வேலை பார்த்தாள். வெள்ளைப் பனியனில் ரத்தம் பட்டுத்தான் தெரிந்தது. "ஏன் மறைச்ச? ஏன் மறைச்ச?" கேள்விக்கு ஓர் அறை. உதடு கிழிந்து, பனியனில் இன்னும் கொஞ்சம் ரத்தம் சேர்ந்தது. வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைத்திருக்கிறாள். அந்தப் பதிலைச் சொல்ல அவளுக்கு அறைகளுக்கு நடுவே இடம் கிடைக்கவில்லை. அன்று கடிகாரம் கழற்றப்படவில்லை. முறைமைப்படி நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. பிறகு அக்காவே அவளைப் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பஸ் முழுக்க அந்தப் பெண் அவரிடமிருந்து ஓர் ஆள் இடம்விட்டு உட்கார்ந்திருந்ததாகக் கேள்வி.

இனி என் உத்தியோகத்துக்கு வருகிறேன்.

எங்கள் கம்பெனியில் யாருக்கும் மெஷினில் அடிபட்டதே கிடையாது. எல்லோரும் பைக்கில் விழுந்தவர்கள். வேலையில் பட்ட காயம் என்று ஆஸ்பத்திரி ஏட்டில் ஏறினால் விசாரணை வரும், பையர் கேள்வி கேட்பான், ஆர்டர் போகும். தொழிலாளிக்கு நேர்மாறு. 'மெஷின்' என்று எழுதினால், காப்பீட்டில் பேர் இருக்கிறவருக்கு வைத்தியம் உண்டு; ஊனம் நிலைத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் உண்டு. 'சொந்த வேலையாகப் போகும்போது பைக்கில் விழுந்தார்' என்று எழுதினால் கட்டு மட்டும் உண்டு. அந்த ஒரு வரியை எழுதுகிறவன் நான். என் கதைகளில் ஒரு நாய் தவறாமல் குறுக்கே வரும். டூட்டி டாக்டர் ஒருவர், "உங்க கம்பெனிப் பக்கம் நாய் பிடிக்கறவங்களே இல்லீங்களா?" என்று கேட்ட பிறகு ஆட்டுக்கு மாறினேன்.

மூன்று பிள்ளைகளின் தகப்பனான ஓர் ஒடிசாக்காரர், துணியை அழுத்தும் உருளைக்குள் நான்கு விரல்களை விட்டுவிட்டார். கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆள். எங்கள் ஏட்டில் அவர் பேரே இல்லை. எலும்பு நொறுங்கும் சத்தத்தை மெஷின் சத்தத்துக்கு மேலே கேட்டதாகப் பக்கத்திலிருந்தவர் சொன்னார். அவருக்குத் தமிழ் தெரியாது. என் ஆட்டுக் கதைக்குத் தலையாட்டிவிட்டு, கையில் கட்டோடு ரயிலேறிப் போய்விட்டார்.

மறுநாள் அக்கா, கறை போக்க ஊறவைத்த பனியன்களைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கம் போனது என் கெட்ட நேரம்.

"ஆடு எங்கல?"

"என்னுங்கக்கா?"

"அவன் வண்டிக்குக் குறுக்க வந்த ஆட்டக் காட்டுல. ஆட்டக் காட்டு!"

அப்போதுதான் அந்த இன்டர்லாக். விழுந்த கண்ணாடியை நான் தேடிக்கொண்டிருக்கையில் என் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, செக்கிங் பெண்கள் எல்லோருக்கும் காட்டினார். "பதினெட்டு நாட்டு நாயத்த எழுதுன கை இது. நல்லாப் பாத்துக்கிடுங்க."

அதற்குப் பிறகு நான் திருந்தினேன் என்று எழுத ஆசைதான். மேலும் மூன்று பேரைப் பைக்கிலிருந்து தள்ளினேன். அக்காவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

ஸ்வீடன் ஆடிட்டுக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு முற்பகலில் கட்டிங் பகுதிக்குக் காகிதங்களோடு போனேன். பேண்ட் நைஃப் என்பது மேசைக்கு நடுவே ஓயாமல் ஓடும் எஃகு நாடா. அடுக்கடுக்கான துணியை வாழைத்தண்டுபோல அறுக்கும். நாடாவைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு இருக்க வேண்டும். வேகம் குறைகிறது என்று கான்ட்ராக்டர் அதைக் கழற்றி வைத்திருந்தார். அதே கான்ட்ராக்டர்தான். எனக்கு முன்பே அக்கா அங்கே வந்து அவர் எதிரே நின்றிருந்தார்.

"கூண்டு எங்கல?"

"ஏனுங்கக்கா, உங்களுக்கு செக்கிங்ல வேலை இல்லீங்களா? ஸ்வீடன் ஆர்டர் அவசரமுங்க."

"ஸ்வீடன்காரன் அவன் ஊர்ல இதக் கழத்துவானா?"

"அங்க போயி கேளுங்க."

கடிகாரம் என் கைக்கு வந்தது. முதல் அறையில் கான்ட்ராக்டரின் காதிலிருந்த பென்சில் பறந்தது. இரண்டாவதுக்கு ஓங்கிய கையை அவர் பிடித்துக்கொண்டார். ஒரு கணம் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு அவர் அந்தக் கையை உதறினார். உதறிய கை போய் விழுந்த இடம் ஓடிக்கொண்டிருந்த நாடா.

சத்தமே இல்லை. துணிக்கும் கைக்கும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஸ்வீடன் குழந்தைகளுக்கான மஞ்சள் துணியின் மேல் அக்காவின் வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிடந்தன. ரத்தம் கான்ட்ராக்டரின் முகத்தில் பீய்ச்சியடித்தது. அவர்தான் மயங்கி விழுந்தார். அக்கா இடது கையால் சுவிட்சை அணைத்தார்.

கம்பெனி வேனில் மூன்று பேர் போனோம்: அக்கா, நான், மேனேஜர். மேனேஜர் எம்.டி.யின் மைத்துனர். கையைச் சுற்றியிருந்த கழிவுத் துணி நனைந்து என் மடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க தம்பி, பைக்குனு சொல்லீருங்க."

"அக்காவுக்குப் பைக் ஓட்டத் தெரியாதுங்களே."

"அதனால என்னங்க? நீங்க ஓட்டுனீங்க. அக்கா பொறவால உக்காந்திருந்தாங்க. சந்தைக்குப் போனீங்க." என் தோளில் கை போட்டார். "மாத்திச் சொன்னீங்கன்னா உங்களுக்குக் கை கால் இருக்காதுங்க. பாத்துக்குங்க." எங்கள் ஊரில் காலை ஒடிப்பதற்கும் 'ங்க' உண்டு.

அக்கா கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "அந்த ரெண்டு விரலயும் எடுத்தியளா?"

நான் மேனேஜரைப் பார்த்தேன்.

"துணியில கறையாகுதுன்னு அந்த அடுக்க அப்படியே எடுத்துக் குப்பையில போடச் சொல்லீட்டு வந்தனுங்க," என்றார் அவர்.



டூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். துணியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எப்படி ஆச்சு?" என்றார். அவர் பேனா எந்த வார்த்தையை எழுதும் என்பதில் அக்காவின் மிச்ச ஆயுள் இருந்தது. இது அந்த அறையில் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒரே ஆள், பெஞ்சில் சாய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜரின் முழங்கை என் விலாவில் இருந்தது.

"பைக்குங்க," என்றேன்.

ஆமாம், முதலில் அதைத்தான் சொன்னேன்.

"பைக்ல விழுந்தா இப்படி வெட்டுப்படுமா? யார் ஓட்டினது?"

"நானுங்க."

"லைசென்ஸ் குடுங்க. போலீசுக்குத் தகவல் அனுப்பணும். பின்னால உக்காந்தவங்களுக்கு ரெண்டு விரல் போயிருக்கு. ஓட்டினவர் மேல கேஸ் வரும்."

என்னிடம் லைசென்ஸ் கிடையாது. எங்கள் ஊர் ராயபுரத்திலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வருகிறவன். பைக்கின் முன்சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அதுவரை என் கதைகளில் விழுந்தவர்களே ஓட்டியும் இருந்தார்கள். முதல்முறையாகக் கதைக்கு ஒரு குற்றவாளி தேவைப்பட்டான். லாக்கப், லத்தி, வெள்ளகோவில் மாமனாரின் முகம் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன.

"மெஷினுங்க," என்றேன். "பேண்ட் நைஃப். கூண்டு இல்லீங்க. பக்கத்துல நின்னு பாத்தனுங்க."

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

மேனேஜர் என்னை வெளியே கூப்பிட்டார், மிக மரியாதையாக. வராந்தாவில் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினார். "சொன்னனுங்களா இல்லீங்களா? சொன்னனுங்களா இல்லீங்களா?" இரண்டாவது மோதலில் என் முன்பல் உடைந்தது. மூன்றாவது வரவில்லை. அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருந்தார். பின்னால் அக்கா, தொங்கும் கட்டோடு, உதைத்த காலை இன்னும் கீழே வைக்காமல் நின்றார். நர்ஸ் ஓடிவந்து கத்திய பிறகுதான் வைத்தார்.

மேனேஜர் நொண்டிக்கொண்டு போனபின் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்தோம். என் வாயிலும் அவர் கையிலும் ரத்தம்.

"எதுக்குல மாத்திச் சொன்ன?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். பல் வலித்தது.

"பயத்துலதானுங்கக்கா. போலீஸ் கேசுன்னாங்க."

"எம் மேல உள்ள பிரியத்துல இல்ல?"

"இல்லீங்க."

அக்கா தலையாட்டினார். "அப்பம் சரி. பிரியத்துல சொன்னவன் நாளைக்கு மாத்திருவான். பயத்துல சொன்னது நிக்கும்."

ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் அந்தத் தாளைக் கொண்டுவந்தார். அதில் 'மெஷின்' என்று எழுதியிருந்தது. அடிபட்டவர் கையெழுத்து, கீழே பார்த்தவர் கையெழுத்து. நர்ஸ் மைப் பெட்டியைத் திறந்து, "இடது கட்டைவிரலை வைங்கம்மா, போதும்," என்றார்.

"நா கைநாட்டு இல்ல. பேனாவக் குடு."

இடது கையில் பேனாவைக் கத்தியைப் பிடிப்பதுபோலப் பிடித்தார். முதல் எழுத்து மூன்று முறை வழுக்கியது. பேனா முனை தாளைக் கிழித்தது. நெற்றி வியர்வை தாளில் சொட்ட, அதைப் புறங்கையால் ஒற்றிவிட்டு மறுபடி தொடங்கினார். உதவிக்கு நான் தாளைப் பிடித்தேன். "கைய எடுல," என்றார். எடுத்தேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்து, பெருத்து, கோட்டைத் தாண்டி இறங்கி, பார்த்தவருக்கு விட்டிருந்த இடத்தையும் பிடித்துக்கொண்டது. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார்.

இடம் இல்லை. தாளின் ஓரத்தில் பக்கவாட்டாக, பொடியாக, ஒரு கிறுக்கல் போட்டுக் கொடுத்தேன்.

நர்ஸ் வாங்கிப் பார்த்தார். "இது யார்னு எப்படி சார் தெரியும்? முழுப் பேரையும் எழுதுங்க. அப்பா பேரு, அட்ரஸ் எல்லாம்."

எழுதினேன்.